இருவர் சேர்ந்து சென்றால் என்ன குற்றம்?

பெண்கள் படிக்கலாகாது என்று சொல்வதற்கு இன்று நம்மவருள் எவருக்கும் துணிவில்லை. உத்தியோகம் பார்க்கலாகாது என்று சொல்லவும் வாய் எழுவதில்லை. மாத முடிவில் வீட்டுக்கு வரும் சம்பளம் அந்த வாயை அடைத்துவிட்டது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் சாவியை இடுப்பை விட்டு எடுக்கவில்லை. “படி, உத்தியோகமும் பார்; ஆனால் எங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள்ளேயே பார்” என்பதே இன்றைய புதுச் சட்டம். இச்சட்டம் எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. ஆகையால் இதை எதிர்த்து வழக்காடவும் வழியில்லை. எழுதப்படாததை எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நியாயம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதையடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும், அதாவது புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயா, அப்பால் உலு சிலாங்கூரின் கெர்லிங், களும்பாங் வரையிலும், தாதித் தொழில் கற்ற நம் பெண்களை இன்று காணலாம். பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் இவர்கள்; செம்பனைக் குலை பொறுக்கியவர்களின் பெண்கள். இவர்களுக்கு ஊரில் கிடைக்கும் வேலையைக் காட்டிலும் வெளியூரில் கிடைக்கும் தவணை வேலை பல வேளைகளில் மேலானதாக இருக்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டு வருஷம் என்று காலம் குறித்து ஜொகூருக்கோ, சபாவுக்கோ, சிங்கப்பூருக்கோ, சவூதி அரேபியாவுக்கோ, இங்கிலாந்துக்கோ அழைக்கிறார்கள். தனியே போக மனம் துணியாத பெண், உடன் படித்த தோழியோடு பேசி, இருவருமாக விண்ணப்பம் போடுகிறாள். இவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் இத்தனை கூக்குரல்!

தனியே செல்கிறேன் என்றால், “துணையில்லாமல் ஒரு பெண்ணா?” என்கிறார்கள். துணையோடு செல்கிறேன் என்றால், “அவள் ஒரு துணையா? அவளே இவளைக் கெடுத்தவள்” என்கிறார்கள். ஒற்றையாய்ப் போனால் ஆபத்து. இரட்டையாய்ப் போனால் சதி. அப்படியானால் எப்படித்தான் போவது என்று கேட்டால், போகாமலிருப்பதே உத்தமம் என்ற பதில் மெல்ல வெளிவருகிறது. துணையில்லையே என்று இவர்கள் பட்ட கவலை, துணை கிடைத்த மறுகணமே பகையாக மாறுகிறதென்றால், அக்கவலையின் யோக்கியதை என்ன என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தோட்டக் கிராணியாகிய எனக்குச் செக்ரோல் எழுதுவதோடு வேறொரு வேலையும் உண்டு. ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் பாரங்களை நிரப்பித் தரும்படி லயத்து ஜனங்கள் என்னிடம் வருவார்கள். சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், திருவிழாக் கணக்குப் பார்க்கக் கூடிய கூட்டம், கணக்கை விட்டுவிட்டு இரண்டு பெண்களின் பிரயாணத்தை விசாரிக்கத் தொடங்கிற்று. ஒருத்தி அத்தோட்டத்தவள்; மற்றவள் ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்தவள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்துத் தேறியவர்கள். ஒரே வைத்தியசாலைக்கு இரண்டு வருஷத் தவணையில் போக விரும்பியவர்கள். கூட்டத்திலிருந்த ஆண்களில் ஒருவர்கூட அந்த வைத்தியசாலை எப்படிப்பட்டது, சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள்: “அந்த இன்னொருத்தி என்ன சாதி?”, “இவர்கள் திரும்பி வரும்போது வயது என்ன ஆகியிருக்கும்?”

அப்பொழுது மண்டபத் தூணருகே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சொன்னாள்: “எங்கம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஊரிலிருந்து ஒரே தகரப் பெட்டியில் துணி வைத்துக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள். அன்றைக்கு எந்த மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள்?” கூட்டம் வாய் திறக்கவில்லை. பிறகு திருவிழாக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அக்கேள்விக்குப் பதில் வேண்டாமா? அதை நாம் சற்று விரித்துப் பார்ப்போம். தமிழகத்துப் பெண்கள் இந்நாட்டுக்கு எவ்விதம் வந்தார்கள்? 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பற்கூலி கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்களில் அடைத்து வைத்து, எண்ணி, கப்பலேற்றினார்கள். பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி முறையில் உதவிப் பயணமாக ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. அதுவரைக்கும் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அன்று அவளுக்குத் துணை யார்? கங்காணி! தான் அழைத்து வந்த ஆள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தன் தலைக்கு இத்தனை காசு என்று கணக்கு வைத்திருந்த ஒருவன் துணையாக வந்தபோது, பெண்ணின் மானத்தைப் பற்றி எவரும் பஞ்சாயத்துக் கூட்டியதாகக் கேட்டதில்லை. தலைக்காசு எதுவும் பெறாமல், அன்பு ஒன்றையே பற்றாகக் கொண்டு உடன் வரும் தோழியைக் கண்டதும் மட்டும் மானம் விழித்துக்கொள்கிறது.

கப்பல் இருக்கட்டும், காட்டைப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் பன்றியும் திரியும் வேலைக்காட்டுக்குள் நம் தாய்மார் தனித்தனி நிரையில் போனார்கள். ஒரு நிரைக்கும் மறு நிரைக்கும் இடையே கூப்பிட்டால் கேட்காத தூரமும் உண்டு. அந்த இருட்டில் அவளுக்கு ஆண் துணை வேண்டுமென்று எந்தத் தகப்பனும் தடுக்கவில்லை. இன்று மின்விளக்கு எரியும் வைத்தியசாலையில், நூறு பேர் நடமாடும் இடத்தில், தோழி அடுத்த வார்டில் நிற்க இரவு வேலை பார்ப்பது மட்டும் ஆபத்தாகிவிட்டது! கூலிக்காரி இருட்டில் போகலாம். உத்தியோகக்காரி வெளிச்சத்தில் போகலாகாது. இது என்ன நியாயம்? தாழ்ந்த வேலைக்குப் பெண்ணை அனுப்பும்போது குறுக்கே வராத கௌரவம், உயர்ந்த வேலைக்கு அவள் புறப்படும்போதுதான் குறுக்கே படுக்கிறது.

நம் பெண்களுக்குக் காவல் தேவையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நினைவுகூருங்கள். தகுந்த வைத்திய வசதி வேண்டுமென்பதும், துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்த அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டுமென்பதும் அக்கோரிக்கைகளுள் இருந்தன. அன்று தொழிலாளர்கள் பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைத்து மானம் காக்க முயலவில்லை. தீமை செய்பவனைத் தடுத்து நிறுத்தும்படி கேட்டார்கள். வைத்திய வசதியில்லை என்று போராடியவர்களின் வழிவந்த பெண்கள் இன்று தாங்களே வைத்தியசாலையை நடத்தும் கைகளாக ஆகியிருக்கிறார்கள். அக்கைகளையா நாம் கட்டிப்போடுவது?

நிற்க. இத்தவணை வேலை என்பது என்ன, அதற்கு ஏன் இருவராகப் போக வேண்டும் என்பதையும் தெளிவாக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகில் தாதியர் ஏறக்குறைய 2 கோடியே 98 இலட்சம் பேர்; இன்னும் 58 இலட்சம் பேர் போதாமல் இருந்தனர். தாதியரில் ஏழு பேரில் ஒருவர் தாம் பிறந்த நாட்டில் அல்லாமல் வேறு நாட்டில் வேலை செய்பவர். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று வேலை செய்யும் தாதியர்க்கு 13 வார ஒப்பந்தம் வழக்கமாகவே ஆகிவிட்டது. தோழியர் இருவர் ஒரே வைத்தியசாலைக்குச் சேர்ந்து விண்ணப்பிப்பதை அங்கே எவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சபாவில் கோவிட் நோய் பெருகியபோது, தீபகற்பத்திலிருந்து சுகாதார ஊழியர்களை அங்கே அனுப்பினார்கள். 2021 நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் வைத்தியசாலைகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது, மற்ற மாநிலங்களிலிருந்து தாதியரும் வைத்தியரும் நம் சிலாங்கூருக்கு வந்தார்கள். யார் வீட்டுப் பெண்களோ நம் வீட்டு நோயாளிக்குப் பிராணவாயுக் குழாய் பொருத்தினார்கள். அந்தப் பெண்ணுக்குத் துணை யார், அவள் சாதி என்ன, திரும்பிப் போகும்போது அவள் வயது என்ன என்று அன்று எந்த மண்டபத்திலும் கேள்வி எழவில்லை. பிறர் வீட்டுப் பெண் நம்மைக் காக்க வந்தால் தெய்வம். நம் வீட்டுப் பெண் பிறரைக் காக்கப் போனால் ஓடுகாலி! இத்தகைய இரட்டைத் தராசு நம் கையில் இருக்கலாமா?

இருவராகச் செல்வதில் உள்ள நன்மை வெறும் மனச்சாந்தி மட்டுமன்று. அறை வாடகை பாதியாகிறது. இரவு வேலை முடிந்து வருகிறவளுக்குக் கதவு திறக்க ஒருத்தி இருக்கிறாள். பிறருக்குக் காய்ச்சல் பார்க்கும் தாதிக்கே காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒருத்தி இருக்கிறாள். பழகாத ஊரில் தமிழில் பேச ஒரு வாய், அழுதால் ஏனென்று கேட்க ஒரு செவி. இவற்றுக்கெல்லாம் மேலானதொன்று உண்டு: மேலதிகாரி ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைச் சுமத்தினாலோ, தகாத சொல் சொன்னாலோ, தனியாக நிற்பவளின் சொல் வெறும் புகார், இருவர் சொல் சாட்சியம். தோட்டத்தில் தொழிற்சங்கம் கண்ட நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? சங்கம் என்பது எங்கே தொடங்குகிறது? ஒருவர் இருவராகும் இடத்தில்தானே!

தாதியர் கூட்டாகப் புறப்படுவது அத்தொழிலின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம். 1854இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் போர்க்களத்து வைத்தியசாலைக்குப் புறப்பட்டபோது 38 பெண்கள் உடன் சென்றார்கள். நம் மண்ணிலேயே, 1943இல் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, டாக்டர் லட்சுமியின் தலைமையில் சேர்ந்தவருள் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் ஏராளம். போர்ப் பயிற்சியோடு தாதிப் பயிற்சி பெற்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஈப்போவிலிருந்து ராசம்மா, அவர் தமக்கை பொன்னம்மா என இரு சகோதரிகள் சேர்ந்தே சென்றார்கள். கோலாலம்பூரிலிருந்து சென்ற ஜானகி, யுத்தம் முடிந்த பின் 1946இல் இந்தியக் காங்கிரசு மலாயாவுக்கு அனுப்பிய வைத்தியக் குழுவோடு நின்று ஊழியம் செய்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவரே. அவர்கள் படத்துக்கு இன்று மாலை போடுகிறோம். ஆனால் பர்மா எல்லைவரை பெண்கள் கூட்டாகப் போனதைப் பெருமையாகப் பேசும் அதே நாவு, ஜொகூர்வரை இருவர் போவதைப் பழிக்கிறது.

ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்போர் 2014ஆம் ஆண்டை நோக்குக. ஈராக் நாட்டின் திக்ரித் நகரைத் தீவிரவாதிகள் கைப்பற்றியபோது, அங்கேயிருந்த வைத்தியசாலையில் 46 இந்தியத் தாதியர் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர்; தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் அவர்களுள் இருந்தார். பிறகு மோசூல் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5ஆம் தேதி கொச்சி வந்து சேர்ந்தார்கள். 46 பேரும் உயிரோடு வந்தார்கள். அவர்களை மீட்க அரசாங்கங்கள் முயன்றன, உண்மை. ஆனால் அத்தனை நாளும் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் அவர்களுக்கு அருகிலிருந்த துணை எது? தகப்பன் இல்லை, அண்ணன் இல்லை, புருஷன் இல்லை. ஒருத்திக்கு மற்றொருத்தியே துணை. அதற்காகப் போர் நடக்கும் நாட்டுக்கு நம் பெண்கள் போக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எந்தத் துணையை இவர்கள் ஏளனம் செய்கிறார்களோ, அந்தத் துணையே நெருக்கடியில் நின்றது என்பதை மட்டுமே எடுத்துக்காட்டுகிறோம்.

“நம் பண்பாட்டுக்கு இது புதிது” என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். பண்பாட்டை எந்த ஏட்டில் படித்தார்களோ தெரியவில்லை. சங்க இலக்கியத்தின் அகப்பாட்டுகளில் தோழி இல்லாத தலைவியைக் காண்பது அரிது. தலைவியின் உள்ளத்தை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்பவள் அவள். வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், நட்பை ஆராய்ந்து கொள்வதற்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரங்கள் ஆண்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை என்று எந்த உரையாசிரியர் சொன்னார்?

மணிமேகலையைத் திறந்து பாருங்கள். பூக்கொய்ய உவவனம் போக நேர்ந்தபோது, இவள் தனியே போகலாகாது என்று சொல்லி உடன் சென்றவள் சுதமதி. அரசகுமாரன் உதயகுமரன் பின்தொடர்ந்து வந்தபோது, மணிமேகலை பளிங்கு மண்டபத்துக்குள் மறைந்துகொள்ள, வெளியே நின்று அவனுக்கு விடை சொன்னவளும் சுதமதியே. இவர்கள் இருவரும் ஒரே குலமா? மணிமேகலை கணிகையாகிய மாதவியின் மகள். சுதமதி அந்தணன் மகள். சாதி கேட்டுச் சேர்ந்த தோழமை அன்று அது. பின்னர் அம்மணிமேகலையே அமுதசுரபியேந்திப் பசித்தவர்க்குச் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள், கடல் கடந்து சாவகநாடு சென்றாள். நோயாளிக்கும் பசித்தவர்க்கும் ஊழியம் செய்யக் கடல் கடந்த பெண்ணைக் காப்பியத் தலைவியாக்கிய மொழி நம்முடையது. அவள் பெயரைக் குழந்தைக்கு வைப்போம். அவள் வழியைக் குழந்தைக்கு மறுப்போமோ?

இனி உண்மையான நோய்க்கு வருவோம். மேலே சொன்ன கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் அந்நோயின் இரு குறிகள். சாதியும் கலியாணமுமே இவர்கள் அச்சம். இரண்டு பெண்கள் ஓரறையில் ஒரு பானையில் பொங்கி உண்டால், அடுத்த தலைமுறையில் அந்தப் பானை உடையாது என்று இவர்களுக்குத் தெரியும். லயத்தில் ஒரே குழாயில் நீர் பிடித்தும் மனத்தில் தனித்தனிக் கிணறு வைத்திருப்போருக்கு அது பிடிக்குமா? வேற்றுத் தோட்டத்து, வேற்றுக் குலத்துத் தோழியின் தாயை “அம்மா” என்று அழைத்துப் பழகியவள், நாளை எந்தச் சாதிச் சங்கத்துக்கும் சந்தா கட்டமாட்டாள். சீர்திருத்தம் பேசும் மேடைகள் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை, இரண்டு தாதிப் பெண்களின் சமையற்கட்டு இரண்டே வருஷத்தில் சாதித்துவிடும். அதனால்தான் நாம் இதைச் சிறிய காரியமாகக் கருதவில்லை, எதிர்ப்போரும் கருதவில்லை.

கலியாணத்தைப் பற்றிச் சொல்லவோ வேண்டும்? “இருவரும் பேசிப் பேசிக் கலியாணமே வேண்டாமென்று விடுவார்கள்” என்று பயப்படுகிறார்கள். தோழியோடு இரண்டு வருஷம் இருந்த ஒரே காரணத்தால் கலியாணத்தில் வெறுப்பு உண்டாகுமானால், குற்றம் தோழமையிலா, நம் கலியாண ஏற்பாட்டிலா? தன் சம்பளத்தைத் தானே எண்ணிப் பழகியவள், நகைக்கும் சீருக்கும் தன்னை நிறுத்துப் பார்க்கும் வீட்டுக்குப் போகத் தயங்கினால், திருந்த வேண்டியது அந்த வீடு.

“முதலில் நம் ஜனங்களுக்கல்லவா ஊழியம் செய்ய வேண்டும்? நம் தோட்டத்து நோயாளிகளை விட்டு அயலூருக்குப் போவதா?” என்று கேட்போரும் உளர். இக்கேள்வி யோக்கியமானது, ஆகையால் இதற்கு மரியாதையுடன் பதில் சொல்வோம். பெருந்தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்த காலமுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டு மனைகளாக மாறியும் போன பின், இன்று தோட்டத்து மூதாட்டி ஒரு மாத்திரைக்காகத் தஞ்சோங் காராங்குக்கோ சுங்கை பூலோவுக்கோ போகவேண்டியிருக்கிறது. இப்பெண் இங்கே தங்கி ஊழியம் செய்யட்டும் என்றால், அவளுக்கு இங்கே இடம் எங்கே? தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்துப் பட்டயம் பெற்றுவிட்டு, வேலைக்குக் காத்திருந்த பெண்களின் பாரங்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கல்விக்கடன் தவணையை இரக்கமோ தேசபக்தியோ கட்டுவதில்லை. நம் வட்டாரத்திலேயே தக்க சம்பளத்தோடு வேலை கொடுக்கும்படி அரசாங்கத்தையும் தோட்ட முதலாளிகளையும் கேளுங்கள். நாமும் உங்களோடு சேர்ந்து கேட்போம். அவர்களைக் கேட்க அஞ்சிக்கொண்டு, கேட்பதற்கு எளியவளான பெண்ணிடம் தியாகம் கேட்பது வீரமன்று. மேலும், வெளியூரில் பெரிய வைத்தியசாலைப் பழக்கம் பெற்றுத் திரும்பும் ஒருத்தி, போகாமலே இருந்தவளைக் காட்டிலும் நமக்குப் பயன்படுவாள்.

எதிரிகளுக்குச் சொன்னது போதும். புறப்படும் பெண்களுக்கும் நேராகச் சில சொல்ல வேண்டும். தோழமை இனிது, ஆனால் ஒப்பந்தம் வேறு, தோழமை வேறு. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தாலும் கையெழுத்து தனித்தனியே. தாதியர் பதிவும் தனித்தனியே. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படியும், அயல்நாட்டில் அந்தந்த நாட்டுக் கழகத்தின் விதிப்படியும் ஒவ்வொருத்தியும் தானே தேறிப் பதிவு பெறவேண்டும். ஒருத்தி தேறி மற்றவள் தவறலாம். ஒருத்தியின் தவணை ரத்தாகி மற்றவளுடையது நீடிக்கலாம். அப்படி நேர்ந்தால் என்ன செய்வதென்று புறப்படுமுன் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே வார்டில்லாவிட்டாலும் ஒரே வைத்தியசாலை, ஒரே தங்குமிடம் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கங்காணி இன்று கழுத்தில் டை கட்டிக்கொண்டும் வரக்கூடும்! உங்கள் பாஸ்போர்ட்டை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்காதீர்கள். சட்டப்படியான அதிகாரமில்லாமல் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டில் அந்நாட்டு விதி என்னவென்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்று படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒருத்தியின் கடனுக்கு மற்றவள் ஜாமீன் நிற்க வேண்டாம். வங்கிக் கணக்கை ஒன்றாக வைக்கவும் வேண்டாம். நட்பு நீடிக்கக் கணக்கு தனித்திருப்பது நல்லது. ஒருத்திக்கு வீடு திரும்ப நேர்ந்தால், மற்றவளையும் இழுத்துக்கொண்டு வருவது தோழமையாகாது. துணை என்பது தாங்கும் கையாக இருக்கட்டும். காலில் பூட்டிய விலங்காக வேண்டாம்.

“தோழி கைவிட்டால்?” என்பது கடைசிக் கேள்வி. கைவிடலாம். வள்ளுவர் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் அதிகாரம் எழுதியது வீணுக்கன்று. ஆனால் அண்ணன் கைவிட்டதில்லையா? புருஷன் கைவிட்டதில்லையா? கைவிடக்கூடியவர் என்பதற்காக அண்ணனையும் புருஷனையும் விலக்காத நாம், தோழியை மட்டும் விலக்குவது ஏன்? பெண் தானே ஆராய்ந்து தேர்ந்துகொண்ட உறவு அது ஒன்றுதான். பிறப்பால் வந்ததன்று, பெரியோர் பார்த்து முடித்ததன்று. அவளே தேர்ந்தாள் என்பதுதான் அந்த உறவின் மேல் இவர்களுக்குள்ள கோபத்தின் வேர்.

ஆகவே, தோட்டத்துத் தாய்தந்தையரே, பட்டணத்துப் பெரியோரே! உங்கள் பெண் தோழியோடு புறப்படுகிறேன் என்று வந்து நின்றால், அந்தத் தோழியை வீட்டுக்கு அழையுங்கள்; ஒருவேளைச் சோறு போடுங்கள். அவள் பெற்றோரைத் தேடிப்போய்ப் பழகுங்கள். இரு குடும்பமும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒப்பந்தத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோயில் மண்டபங்கள் பெண்ணின் வயதைக் கணக்கிடுவதை விட்டு, புறப்படும் பெண்களுக்கு முதல் மாத வாடகைக்கு ஒரு சிறு நிதி சேர்க்கட்டும். திருவிழா வாணவேடிக்கையில் ஓரிரவில் எரிவதில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து வந்து இந்நாட்டின் காட்டைத் திருத்தியவர்களின் சந்ததி நாம். அச்சந்ததியின் பெண்கள் இருவர், கையில் பட்டயமும் மனத்தில் துணிவுமாக, நோயுற்றோரைப் பேணப் புறப்படும்போது வழி மறிப்பது நமக்கு அழகன்று. வழி விடுங்கள்! வழியனுப்பவும் வாருங்கள்!